இரண்டு ஓரமும் ஒரே கணக்கு: வேன் ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை தைத்த அனுபவம்

உறை நின்றுவிட்டது. கடலூரிலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பியாயிற்று. சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாள் முழுக்க நிறுத்தியும் பார்த்தாயிற்று. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினாலும் தோல் மயிரிழைகூட நகரவில்லை. அளவுகளும் முறையும் மறந்துபோவதற்கு முன் எழுதிவைக்கிறேன். கடையில் கிடைக்கும் உறை பொருந்தாத பெரிய ஸ்டீயரிங் வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும்.

எங்கள் வண்டி பழைய டெம்போ டிராவலர். இருக்கைகளைக் கழற்றி, ஒரு கட்டில், சிறிய சமையல் மேடை, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிய வண்டி. ஸ்டீயரிங் வண்டியோடு வந்தது அல்ல, முந்தைய உரிமையாளர் மாற்றிப் போட்டது. நடுவிலிருந்து வளையத்துக்குப் போகும் கைகள் (ஸ்போக்) நான்கு கொண்டது. கடிகாரத்தில் 10, 2, 4, 8 மணி இருக்கும் இடங்களில் கைகள் வருகின்றன. வளையத்தின் மேல் இருந்த பாலியூரிதேன் பூச்சு, உப்புக்காற்றிலும் ஈரத்திலும் வெயிலிலும் கெட்டுப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பிடித்தால் உள்ளங்கை கறுத்துவிடும். அந்தக் கையோடு சமையல் மேடையைத் தொட முடியாது.

முதலில் மாட்டுகிற வகை ரப்பர் உறை ஒன்று போட்டிருந்தோம். அரியாங்குப்பம் நெரிசலில் வண்டியைத் திருப்பும்போது உறை கையோடு வந்தது, ஸ்டீயரிங் வரவில்லை. அன்றே அதைக் கழற்றிவிட்டேன். ஸ்டீயரிங்கில் அழகு இரண்டாவதுதான். உறை வளையத்தோடு ஒட்டி, ஒன்றாகத் திரும்ப வேண்டும். மாட்டும் உறை இழுவிசையை நம்பி நிற்கிறது. தைக்கும் உறையை உள்பக்கம் முழுவதும் நூல் கட்டிப் பிடித்திருக்கிறது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை வேலையும்.

அளவு

கடைகளில் கிடைக்கும் தைக்கும் உறைகள் பெரும்பாலும் 38 செ.மீ. விட்டமுள்ள கார் ஸ்டீயரிங்குக்கானவை. எங்களுடையது வெளிவிட்டம் 40 செ.மீ. இரண்டு செ.மீ. தானே, தோல் இழுபடும் என்று தோன்றும். சுற்றளவில் அது ஆறு செ.மீ.க்கு மேல் வரும். அதனால் அளவெடுத்துத் தைப்பது என்று முடிவு செய்தேன்.

எடுத்த அளவுகள் இவை. வெளிவிட்டம் 40 செ.மீ., வளையத்தின் கனம் 3 செ.மீ., ஆக உள்விட்டம் 34. வெளிச்சுற்று ஏறக்குறைய 125.6 செ.மீ., உள்சுற்று 106.8, நடுவில் ஓடும் வட்டம் 116.2. ஒரே தோல் பட்டை வெளிப்பக்கம் 125-க்கு நீள வேண்டும், உள்பக்கம் 107-க்குச் சுருங்க வேண்டும். பட்டையை வெளிச்சுற்று அளவுக்கே வெட்டினால் உள்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். உள்சுற்று அளவுக்கு வெட்டினால் வளையத்தின் மேல் ஏற்றவே முடியாது. நடுவட்டத்தை எடுத்துக்கொண்டேன்: 116 செ.மீ.

பிடிச்சுற்றை, அதாவது கை பிடிக்கும் இடத்தில் வளையத்தின் சுற்றளவை, தையல்காரர் இஞ்ச் டேப்பால் எடுத்தேன். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. பின்பக்கம் விரல் பதிய மேடு பள்ளம் இருந்தால் சுற்றளவு இடத்துக்கு இடம் மாறும். எங்களுடையதில் 9.4-க்கும் 9.6-க்கும் இடையில் ஆடியது. பட்டை அகலம் 9.0 செ.மீ. என்று வைத்தேன். அதாவது சுற்றிப் பிடித்தால் இரு ஓரத்துக்கும் நடுவே நான்கு முதல் ஆறு மி.மீ. இடைவெளி இருக்கும். நூல் இழுத்து மூடுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். ஓரங்கள் முதலிலேயே முட்டிக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் உறை தொளதொளவென்றுதான் நிற்கும்.

உள்ளே பஞ்சுப் பட்டை வைத்தால் மெத்தென்று இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். என் மனைவியும் வண்டி ஓட்டுவார், அவர் கை சிறியது. 1.1 மி.மீ. தோலைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். பிடிச்சுற்று சுமார் 10.3 செ.மீ. வந்தது. "இது சரி" என்றார். அடியில் 2 மி.மீ. பஞ்சு வைத்துக் கொடுத்ததும் பதினொன்றரைக்குப் போய்விட்டது. "விரல் நுனி சேரலைங்க, திருப்பும்போது பிடி கிடைக்காது" என்றார். பஞ்சு வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாரெல்லாம் ஓட்டுகிறார்களோ, அவர்கள் எல்லோர் கையிலும் இப்படிப் பிடித்துப் பார்த்த பிறகு தோலை வெட்டுங்கள்.

தோல்

புதுச்சேரிப் பக்கம் இருப்பதில் ஒரு வசதி உண்டு. தோல் பை செய்யும் ஹைடிசைன் நிறுவனம் இங்கே 1978-இல் தொடங்கியது. தோல் பை, பெல்ட் தைக்கத் தெரிந்தவர்களை இந்த வட்டாரத்தில் தேடிப்பிடிக்கலாம். கோட்டக்குப்பம் தாண்டி ஒரு சிறிய பட்டறையில் வெட்டுத் துண்டுகளை எடை போடாமல் துண்டு விலைக்குக் கொடுத்தார்கள்.

முதலில் எனக்குப் பிடித்தது மரப்பட்டையில் பதனிட்ட தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வந்த அந்த ஈஸ்ட் இந்தியா தோல்தான் நம் ஊர்த் தோல். மணமும் நிறமும் வேறு எதிலும் வராது. ஒரு துண்டை வாங்கி ஸ்டீயரிங்கின் மேல் கட்டி, சில நாள் அப்படியே ஓட்டினேன். வியர்வை பட்ட இடம் திட்டுத்திட்டாகக் கறுத்தது. அதைவிட, வளையத்தின் கை ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு தோலைத் தொட்ட இடத்தில் மையைக் கொட்டியது போன்ற கறை விழுந்தது. மரப்பட்டைத் தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுப்பாகும். பைக்கும் செருப்புக்கும் அது சிறந்த தோல். கடலோரத்தில் வியர்க்கிற கை நாள் முழுக்கப் பிடிக்கும் ஸ்டீயரிங்குக்குச் சரிப்படவில்லை. அந்தத் துண்டில் பிறகு சாவிப்பை தைத்தேன்.

எடுத்தது குரோம் உப்பில் பதனிட்ட, நாப்பா எனப்படும் மெத்தென்ற மாட்டுத்தோல், 1.1 மி.மீ. கனம், கரும்பழுப்பு நிறம். ஆட்டுத்தோல் இன்னும் மெல்லியது, தைக்க எளிது, ஆனால் விரல்நகம் பட்டால் கோடு விழுகிறது. ஒன்றரை மி.மீ.க்கு மேல் போனால் கைகளைச் சுற்றி மடியாது. சின்னச் சின்னத் துளை போட்ட தோல் காற்றோட்டமாக இருக்கும் என்றார்கள். கடற்கரை மணலும் உப்பும் அந்தத் துளையில் ஏறி உட்காரும் என்பதால் வழவழ தோலையே எடுத்தேன்.

துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கையாலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் ரப்பர் மாதிரி நீளும், நீண்டது திரும்பாது. அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட்டேன்.

116 செ.மீ. ஒரே நீளத் துண்டு வேண்டும் என்றால் பாதித் தோலையே வாங்க வேண்டியிருக்கும். ஒட்டுத் தையல் நான்கும் ஸ்டீயரிங்கின் கைகளுக்கு நேராக வரும்படி நான்கு துண்டாக்கினால் வெட்டுத் துண்டே போதும். மேலும் கீழும் 38.5 செ.மீ., இரு பக்கமும் 19.5 செ.மீ. தையலுக்கு ஒவ்வொரு முனையிலும் 8 மி.மீ. கூடுதல். அந்த எட்டு மி.மீ.யை உள்பக்கம் சீவி மெலிதாக்க வேண்டும். சீவாமல் தைத்தால் அந்த இடத்தில் மேடு தட்டும்.

வளையத்தைச் சுத்தம் செய்தது

சுருக்கமாகச் சொல்கிறேன். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், பிசுபிசுப்பை இன்னும் கரைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். பழைய பனியன் துணி நிறைய ஆயிற்று. உரிந்த இடங்களில் எம்-சீல் வைத்து நிரப்பி, மறுநாள் 400 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். துருவை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகுதான் தோல் அதன் பக்கத்தில் போக வேண்டும்.

எங்கள் ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் நடு மூடியைக் கழற்றவே கூடாது. இந்த வேலைக்குக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை, வளையம் இருக்கும் இடத்தில் இருந்தபடியே தைக்கலாம்.

முதல் உறை

வீட்டுத் தையல் மெஷின் இந்தத் தோலை ஏற்காது. புதுச்சேரி காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சீட் கவர் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேன் சீட் எல்லாம் அவரிடம்தான் தைத்தோம். நான்கு துண்டையும் இணைத்து வளையமாக்கி, இரண்டு ஓரத்திலும் தடித்த நூலால் 5 மி.மீ. தையல் ஓட்டித் தரச் சொன்னேன். இந்த ஓரத்தையல்தான் முக்கியம். ஸ்டீயரிங்கில் கட்டும் நூல் தோலைத் துளைத்துப் போவதில்லை, இந்த ஓரத்தையலின் ஒவ்வொரு கண்ணியிலும், அதாவது ஒவ்வொரு தையலின் அடியிலும், நுழைந்து போகிறது. தோலில் நேரடியாக நூலைக் கோர்த்து இழுத்தால் 1.1 மி.மீ. தோல் கிழிந்துவிடும். ஓரத்தையல் அந்த இழுப்பைப் பக்கத்துக் கண்ணிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

"நூல் கலர் என்ன சார் போடறது?"

"தோல் நிறத்துலயே போடுங்க பாய்."

"ஓரத்துக்கு அதுவே போடறேன். மேல கட்டற நூலு கொஞ்சம் வெளிர்னா நல்லாருக்கும், கட்டினது கோணிச்சுன்னா கண்ணுக்குத் தெரியும், உடனே திருத்தலாம்."

அவர் சொன்னது போலவே வெளிர் பழுப்பு நூல் வாங்கினேன். பிறகு அதுதான் காப்பாற்றியது.

உறையை ஒரு மணிநேரம் வெயிலில் போட்டு இளக்கி, வளையத்தின் மேல் ஏற்றினேன். மேலே தொடங்கி இரு பக்கமும் ஒரே சமயத்தில் கீழே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கடைசிக் கையகலம் வலுவாக இழுத்தால்தான் ஏறும், அப்படி ஏறினால் அளவு சரி. ஒட்டுத் தையல் நான்கையும் நான்கு கைக்கும் நேராக வைத்து, தோலுக்கு அடியில் டபுள் டேப் சிறு துண்டுகளால் பிடிக்கவைத்தேன்.

கீழ்ப்பகுதியில் தொடங்கி எதிரெதிர் கண்ணிகளை ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனேன். முதல் கால்வட்டம் அழகாக இருந்தது. பாதி கடந்ததும் வெளிர் நூல் லேசாகச் சாயத் தொடங்கியது. நேராக நிற்க வேண்டிய பெருக்கல் குறிகள் ஒரு பக்கமாகப் படுத்தன. டேப் பிடித்திருந்த ஒட்டுத் தையல், கையை விட்டு விலகிப் பின்பக்கம் போயிற்று. இழுப்பு போதவில்லை என்று நினைத்து அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினேன், சாய்வு கூடத்தான் செய்தது.

நிறுத்திவிட்டு, கண்ணிகளை எண்ணினேன். ஒரு ஓரத்தில் 229. மறு ஓரத்தில் 241.

116 செ.மீ.க்கு 5 மி.மீ. வீதம் 232 வர வேண்டும். மெஷின் சமதளத்தில் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. நான்கு ஒட்டிலும் மேடு ஏறி இறங்கும்போது தோல் நகர்வது மாறி, தையல் ஒரு ஓரத்தில் நெருக்கமாகவும் மறு ஓரத்தில் சற்று விலகியும் விழுந்திருக்கிறது. இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக ஓட்டியதால் இரண்டிலும் நெருக்கம் வேறு வேறு அளவு. சீட் கவரில் இது எந்தக் கணக்கிலும் வராது. அங்கே ஓரத்தையல் எதனோடும் எண்ணி இணைவதில்லை. ஸ்டீயரிங்கிலோ ஒவ்வொரு கண்ணிக்கும் எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி இருந்தாக வேண்டும். பன்னிரண்டு கண்ணி வித்தியாசம் என்றால் சுற்றி முடிக்கும்போது ஒரு ஓரம் ஐந்தரை செ.மீ. தள்ளிப்போய்விடும். அத்தனையும் முறுக்காகத் தோலில் ஏறுகிறது.

கூடுதல் பன்னிரண்டையும் நான்கு கைக்கும் மூன்று மூன்றாகப் பிரித்து, அங்கங்கே தாண்டிக் கட்டியும் பார்த்தேன். முறுக்கு போனது. ஆனால் ஒவ்வொரு கையருகிலும் ஒரு புறம் கொசுவம் வைத்ததுபோல் தோல் குவிந்து நின்றது. பெருவிரல் சரியாக அங்கேதான் உட்காரும். நீண்ட பயணத்தில் அந்த மடிப்பு விரலை அறுக்கும், மடிப்பில் வியர்வையும் அழுக்கும் தங்கும். முழுவதும் அவிழ்த்துவிட்டேன். ஓரத்தையலைப் பிரித்து மறுபடி தைக்கவும் வழியில்லை. தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது.

இரண்டாவது உறை

அதே பட்டறையில் அதே தோலில் இன்னொரு செட் துண்டு வாங்கினேன். பெரியவரிடம் நான்கு ஒட்டு மட்டும் போடக் கொடுத்தேன். எண்ணிக்கை விஷயத்தைச் சொன்னதும் பழைய உறையை வாங்கித் தாமே எண்ணிப் பார்த்தார். "மெஷினை நம்ப வேணாம் சார் இதுக்கு. ரெண்டு ஓரத்தையும் ஒண்ணாச் சேத்து வெச்சுக் குத்திடுங்க" என்றார். இந்த வேலை முழுவதற்கும் சாவி அந்த ஒரு வாக்கியம்தான்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி வைத்து, சுற்றிலும் பேப்பர் கிளிப் போட்டேன். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு. நான்கு பல் உள்ள, 5 மி.மீ. இடைவெளி கொண்ட தோல் பஞ்ச் ஒன்றும் மரச்சுத்தியும் எடுத்துக்கொண்டேன். நைலான் வெட்டுப் பலகையின் மேல் வைத்து, இரண்டு தோலையும் சேர்த்து ஒரே அடியில் குத்தினேன். அடுத்த அடிக்கு, முதல் பல்லைக் கடைசித் துளையிலேயே இறக்கி வைக்க வேண்டும், அப்போது இடைவெளி தவறாது. ஒட்டு வரும் இடத்தில் தோல் பல அடுக்காக இருக்கும், பஞ்ச் அங்கே சாயும். அந்த இடங்களில் மட்டும் குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். பெரிய துண்டுகளில் 77, சிறிய துண்டுகளில் 39. மொத்தம் 232, இரண்டு ஓரத்திலும். ஒன்றாகக் குத்தியதால் வேறு எண் வர வழியே இல்லை. ஆனாலும் எண்ணினேன், ஒவ்வொரு பத்தாவது துளைக்கும் தையல் சாக்கால் புள்ளி வைத்தேன்.

பிறகு ஓரத்தையலைக் கையாலேயே ஓட்டினேன். மெழுகு பூசிய 0.8 மி.மீ. பாலியெஸ்டர் நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். இப்படி ஓட்டினால் தோலின் முன்பக்கத்தில் இடைவெளி இல்லாமல் கண்ணி விழும். பொறுமை வேண்டிய வேலை. சில மாலைகள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே முடித்தேன்.

ஊசியும் நூலும்

கடையில் தடித்த ஊசி கேட்டால் கோணி ஊசியைத்தான் எடுத்துத் தருவார்கள். அது கண்ணியில் நுழையாது. செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் சிறிய ஊசி சரியான கனம். ஆனால் அதன் கூர் நுனி, கண்ணிக்கு அடியில் போவதற்குப் பதில் நூலையே பிளந்துகொண்டு போகும். சாணைக்கல்லில் நுனியைத் தேய்த்து மழுக்கிவிட்டேன். ஒரு ஊசியை அடுப்பில் காய்ச்சி லேசாக வளைத்தும் கொண்டேன். கைகளின் மூலையில் நேர் ஊசி திரும்பாது, வளைந்தது திரும்பும்.

நூலை ஒரு பகுதிக்கு 3 மீட்டர் வெட்டினேன். நடுப்பகுதி தொடக்கத்தில் நிற்க, இரு முனையிலும் ஊசி. அதாவது பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர். பெரிய பகுதியின் 77 கண்ணிக்கும் அது தாராளமாகப் போதும். முழு வட்டத்துக்கும் ஒரே நூல் வைத்தால் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் இழுக்க வேண்டும். கண்ணியில் உரசி உரசி மெழுகு போய், நூல் பஞ்சாகிவிடும்.

இரண்டாவது முறை வண்டியையும் வேறு மாதிரி நிறுத்தினேன். இன்ஜின் அணைத்தால் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், திருப்ப முடியாது. முதல் முறை தைக்கும்போது கீழ்ப்பகுதிக்காகப் பெடலுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தேன். இம்முறை பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கினேன். முன்சக்கரங்கள் தரையை விட்டதும், சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை விடுவித்தால், ஒரு விரலால் வளையம் சுற்றுகிறது. எந்தப் பகுதி வேண்டுமோ அதைக் கண்ணெதிரே கொண்டுவந்து தைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குள் ஏற வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

கட்டியது

சாக்குப் புள்ளிகள் பத்துக்குப் பத்து எதிரெதிராக நிற்கின்றனவா என்று முதலில் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டேன். பெருக்கல் குறித் தையல்தான் எடுத்தேன். இடது ஊசி வலது ஓரத்துக் கண்ணியின் அடியில், வலது ஊசி இடது ஓரத்துக் கண்ணியின் அடியில். எது முதலில், எது மேலே என்பதைத் தொடக்கத்தில் முடிவு செய்து, கடைசிவரை மாற்றக் கூடாது. மாறினால் குறிகள் ஒன்று மேல் ஒன்று கீழாகக் குழம்பித் தெரியும்.

நான்கைந்து குறிக்கு ஒருமுறை நிறுத்தி, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து இறுக்க வேண்டும். இழுக்கும் திசை வளையத்தின் ஓட்டத்தோடு இருக்க வேண்டும். உங்களை நோக்கி நேராக இழுத்தால் கண்ணி மேலே தூக்கிக்கொள்ளும். நோஸ் பிளையரின் வாயில் துணி டேப் சுற்றி, அதனால் நூலைப் பிடித்தேன். சுண்டுவிரல் மடிப்பில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது நல்லது, நூல் அங்கேதான் அறுக்கும். ஊசியைத் தள்ளுவதற்குத் தையல்காரர்கள் விரலில் போடும் அங்குஸ்தான்.

கைகள் வரும் இடத்தில் இரு ஓரமும் சேர முடியாது, நடுவே இரும்பு நிற்கிறது. எங்களுடையதில் கை 4 செ.மீ. அகலம், எட்டு ஒன்பது கண்ணி அங்கே வருகிறது. முன் ஓரத்து நூல் முன் ஓரக் கண்ணிகளுக்குள்ளேயே பாம்பாக ஏறி இறங்கி, கையைத் தாண்டிப் போகிறது. பின் ஓரத்து நூல் பின்னால் அதையே செய்கிறது. தாண்டியதும் இரண்டும் மீண்டும் குறுக்கே சேர்கின்றன. இங்கே இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கண்ணி விட வேண்டும். முன்னால் ஒன்பது, பின்னால் எட்டு என்று போனால் மறுபடியும் முறுக்கு ஏறத் தொடங்கும். தாண்டும் முன் ஓரத் தோலை, வெட்டிய பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டால் கையின் பக்கவாட்டில் தள்ளிச் செருகி, பல்குச்சி நுனியில் ஃபெவிகால் எஸ்.ஆர். தொட்டு வைத்தேன். பசை அந்த நான்கு இடத்தில் மட்டும்தான். வளையம் முழுக்கப் பசை பூசினால் தோலைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது, பிறகு உறை மாற்றும்போதும் பெயர்த்தெடுக்கப் பெரும்பாடு.

நூல் முடியும் இடத்தில் கடைசி இரண்டு கண்ணியில் திரும்பி வந்து, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைத் தோலுக்கு அடியில் ஊசியால் இழுத்துவிட்டேன். பாலியெஸ்டர் நூலை நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டலாம், ஆனால் பக்கத்தில் தோல் இருக்கிறது என்பதால் அதைத் தவிர்த்தேன்.

கட்டி முடித்தபோது உள்பக்கம் சிறு சுருக்கங்கள் இருந்தன, குறிப்பாக 10 மணி, 2 மணிக் கையருகில். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெதுவாகச் சூடு காட்டி, கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனேன். பெரும்பாலும் அடங்கிவிட்டன. வெயிலில் நின்று ஓடிய பிறகு மிச்சமும் போயிற்று. கனம் கூடியதால் இண்டிகேட்டர், ஹார்ன் இரண்டும் கைக்கு எட்டுகின்றனவா என்று முன்சக்கரங்களை இறக்கும் முன்பே சுற்றிப் பார்த்தேன். எதுவும் தட்டவில்லை.

செலவு

தோல் துண்டு இரண்டு செட், 600 வீதம் 1,200 ரூபாய். தையல் கூலி முதல் தடவை 500, இரண்டாம் தடவை ஒட்டுக்கு மட்டும் 200. மெழுகு நூல் 180, நான்கு பல் பஞ்ச் 350, ஊசிகள் 40, ஆல்கஹால் 150, டபுள் டேப் 60, எம்-சீல் 30. ஆக 2,710. குத்தூசி, சுத்தி, பிளையர், பசை வீட்டில் இருந்தவை. முதலிலேயே இரு ஓரத்தையும் சேர்த்துக் குத்தியிருந்தால் இதில் 1,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். கடையில் வாங்கிய ஆயத்த உறையோடு ஒப்பிட்டால் கூடுதல்தான். ஆனால் பஞ்ச் இனி எப்போதும் இருக்கும். நம் வண்டி அளவுக்கு, நம் கைக்கு ஏற்ற கனத்தில் இருப்பதை எந்தக் கடையும் தராது.

அடுத்த முறை

கைகளுக்கு நேராக வரும் ஒட்டை இன்னும் மெலிதாகச் சீவுவேன். இப்போது 4 மணி ஒட்டில் விரல் வைத்தால் சிறு மேடு தெரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. நூலில் 0.8-க்குப் பதில் ஓரத்தையலுக்கு 0.6, மேலே கட்ட 0.8 என்று பிரிப்பேன். ஓர நூல் மெலிந்தால் ஊசி நுழைய எளிது. நீளத்தில் 116-ஐ 115 ஆக்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உள்பக்கச் சுருக்கம் இன்னும் குறையும், ஏற்றும்போதுதான் கை கடுக்கும். அகலம் 9.0 சரியாக இருந்தது, அதைத் தொட மாட்டேன். கடையில் ஆயத்த உறை வாங்குபவர்களும் பிரித்த உடனே, வளையத்தில் ஏற்றும் முன், இரண்டு ஓரத்துக் கண்ணியையும் எண்ணிவிடுங்கள். இரண்டு மூன்று வித்தியாசம் என்றால் கைகளின் அருகே சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

பராமரிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. தடவாதீர்கள். முதல் உறையில் ஒரு பகுதியில் தடவிப் பார்த்தேன். சில நாள் பளபளப்பு, பிறகு சிக்கு வாடை, தூசி ஒட்டல், வழுக்கல். ஸ்டீயரிங்கில் வழுக்கல் கூடவே கூடாது. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கான கிரீம் கடலை அளவு எடுத்துத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம்.

மிச்சத் தோலில் கியர் கம்பிக்கு உறை தைக்கப் போகிறேன். அளவு எடுத்துவிட்டேன், துளைகளை இம்முறை மடித்து வைத்துத்தான் குத்துவேன்.